எல்லாக் கல்லுக்கும் உயிர் உண்டா? அனிமிசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமிசம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். மனிதர் மட்டுமல்லாமல் விலங்கு, மரம், ஆறு, மலை, காற்று, சில இடங்களில் கல்லும் கருவியும்கூட நம்மைக் கவனிக்கின்றன, அவற்றுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அவற்றிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று எண்ணி வாழ்வதே அனிமிசம். 'எல்லாப் பொருள்களிலும் ஆன்மா உறைகிறது என்ற நம்பிக்கை' என்று அகராதிகள் எழுதும். அந்த 'எல்லா' என்ற சொல்லில்தான் வில்லங்கம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். தமிழருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம், நம்மிடம் 'ஆவி' இருக்கிறது. கொதிக்கும் நீரிலிருந்து எழுவது ஆவி, இறப்பவரை விட்டுப் பிரிவது ஆவி, இருட்டில் குழந்தைகள் அஞ்சுவதும் ஆவி. மூச்சுக்கும் உயிருக்கும் ஒரே சொல்லைப் புழங்கியவர்கள் லத்தீன்காரர்கள் மட்டுமல்லர்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேயோர்க் எர்ன்ஸ்ட் ஷ்டால் என்ற ஜெர்மானிய மருத்துவர், உடலை இயக்குவது ஆன்மாவே என்று வாதிட்டார். இந்தப் பெயர் முதலில் அந்த மருத்துவக் கொள்கைக்குத்தான் இருந்தது. அதைச் சமயத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் மானிடவியலாளர் எட்வர்ட் பர்னெட் டைலர். 1871இல் வெளியான தம் பெருநூலில், ஆவியுருவான உயிர்களை நம்புவதுதான் மதம் என்பதற்கான குறைந்தபட்ச இலக்கணம் என்று அவர் வரையறுத்தார். அவருக்கு 'ஸ்பிரிச்சுவலிசம்' என்ற சொல்லே பிடித்திருந்தது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்ன ஒரு கூட்டம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

'ஆன்மவாதம்' என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டதும் வேதாந்தமும் சித்தாந்தமும் பேசும் ஆன்மா நினைவுக்கு வந்துவிடுகிறது, இங்கே பேசுவது அதையல்ல. 'ஆவி வழிபாடு' என்றால் பேய்க்கதை வாடை அடிக்கிறது, வழிபாடே இல்லாத இடங்களிலும் அனிமிசம் உண்டு. ஆகவே நான் 'அனிமிசம்' என்றே எழுதுகிறேன்.

டைலரின் கருத்து இன்றும் ஏற்கப்படுகிறதா?

பெயர் நின்றுவிட்டது, விளக்கம் ஆட்டம் கண்டுவிட்டது.

ஆதி மனிதரை இரண்டு புதிர்கள் வாட்டியிருக்கும் என்றார் டைலர். உயிருள்ள உடலுக்கும் பிணத்துக்கும் என்ன வேறுபாடு? கனவில் வந்து பேசுகிறவர்கள் யார்? இரண்டுக்கும் ஒரே விடையாக, உடலை விட்டுப் பிரிந்து உலவக்கூடிய ஒன்று உண்டு என்ற எண்ணம் பிறந்தது. பின்பு அது விலங்குக்கும் செடிக்கும் பொருளுக்கும் பரவியது. ஆவிகள் தெய்வங்களாயின, தெய்வங்கள் ஒரே கடவுளாயின. இப்படி ஒரு படிக்கட்டை அவர் கட்டினார். அதன் கடைசிப் படியில் நின்று கீழே பார்த்தவர்கள் யார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அவர் இளமையில் மெக்சிகோவில் பயணம் செய்தவர்தான். ஆனால் நூலுக்கான சரக்கில் பெரும்பகுதி பாதிரியார்களும் பயணிகளும் எழுதி வைத்ததிலிருந்து வந்தது. ஒன்றை மட்டும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்: காட்டுவாசிகள் மூளையற்றவர்கள் என்று பலர் எழுதிய காலத்தில், அவர்களும் நம்மைப்போலவே காரண காரியம் பார்த்துச் சிந்திப்பவர்கள் என்றார். முடிவு தவறு, மூளை ஒன்றே என்பது அவர் கட்சி.

எதிர்ப்பும் விரைவில் வந்தது. வெறும் கனவு மயக்கத்தின் மேல் இவ்வளவு காலம் நிலைத்த ஒன்று எழுந்திருக்க முடியாது என்றார் பிரான்சின் சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம், 1912இல். ஆவி என்று தனியாக ஓர் ஆளைக் கற்பிப்பதற்கு முன்பே, இனம் தெரியாத ஆற்றலின் முன் எழும் அச்சமும் வியப்பும் இருந்திருக்கும் என்றார் பிரிட்டனின் மானிடவியலாளர் ஆர். ஆர். மாரெட்.

எல்லாக் கல்லுக்கும் உயிர் உண்டு என்றா நம்புகிறார்கள்?

இல்லை. முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

1930களில் கனடாவின் பெரென்ஸ் ஆற்றங்கரையில் ஒஜிப்வே மக்களிடையே இர்விங் ஹாலோவெல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஆய்வு செய்தார். ஒஜிப்வே மொழியில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டாகப் பிரியும். 'கல்' என்ற சொல் உயிருள்ளவற்றின் பக்கம் நிற்கிறது. அதைக் கவனித்த அவர் முதியவர் ஒருவரிடம், "இங்கே நம்மைச் சுற்றிக் கிடக்கிற கற்களுக்கெல்லாம் உயிர் இருக்கிறதா?" என்று கேட்டார். முதியவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "இல்லை. ஆனால் சிலவற்றுக்கு உண்டு."

திணை உள்ள மொழி பேசும் நமக்கு இதில் பாதி உடனே பிடிபடும். நாமும் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று பிரித்துத்தான் வினைமுற்றையே முடிக்கிறோம். ஆனாலும் 'குழந்தை சிரித்தது' என்கிறோம். குழந்தைக்கு அறிவில்லை என்று நாம் நம்புவதாக யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதினால் சிரிப்போம். 'சூரியன் உதித்தது' என்பவரே கவிதை எழுத உட்கார்ந்தால் 'சூரியன் உதித்தான்' என்பார். இலக்கணம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே யார் வந்தார்கள் என்பதை அது சொல்லாது. ஹாலோவெல்லும் இதைத்தான் எழுதினார்: கல் உயிருள்ளதாக இருக்கக்கூடும் என்ற வாய்ப்பை ஒஜிப்வே மொழி மூடிவிடவில்லை, அவ்வளவுதான். எந்தக் கல் என்பதைத் தீர்மானிப்பது அனுபவம். சடங்கின்போது பாடிக்கொண்டே சுற்றி வந்த தலைவரின் பின்னால் ஒரு கல் உருண்டு வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கல் வேறு, வழியில் காலை இடறும் கல் வேறு.

'சில' கற்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன?

நீலகிரிக் காடுகளில் வாழும் நாயக்கர் என்ற பழங்குடியினரிடையே இஸ்ரேலின் மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட் 1970களின் இறுதியில் ஆய்வு செய்தார். 1999இல் வெளியான அவரது கட்டுரைதான் இந்தத் துறையை மறுபடி கிளறிவிட்டது. அந்த மக்கள் சில கற்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவற்றைத் 'தேவரு' என்றார்கள். ஒரு பெண் ஒரு கல்லைக் காட்டி, காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது இந்தத் தேவரு தன்னை நோக்கி வந்தது என்றார். பக்கத்துக் கல்லைக் காட்டிய ஆண் ஒருவர், தன் உறவுக்காரப் பெண் மரத்தடியில் இளைப்பாறியபோது இது அவள் மடியில் குதித்தது என்றார்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் ஆராயவில்லை. எதிர்ப்பட்டது, நம்மிடம் வந்தது, ஆகவே அதோடு உறவு உண்டு. யானைக்கும் இதே கணக்குத்தான். கண்ணோடு கண் பார்த்து, குடிசைக்குத் தீங்கு செய்யாமல் விலகிப் போன யானை தேவருவாக இருக்கலாம். குடிசையை மிதித்துப் போட்டது வெறும் யானை. டைலர் அனிமிசத்தை ஒரு கொள்கையாகப் பார்த்தார். நூரித்தின் பார்வையில் அது பழகும் முறை. என் ஓட்டு இரண்டாவதற்கே.

மனிதரல்லாதவை 'ஆள்' என்றால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஈக்வடாரின் அமேசான் காட்டில் அச்சுவார் மக்களின் தோட்டத்துக்குப் போவோம். 1970களில் பிரான்சின் பிலிப் தெஸ்கோலா அங்கே வாழ்ந்து பார்த்து எழுதியது. தோட்டத்தில் முக்கியப் பயிர் மரவள்ளி. அதை வளர்ப்பது பெண்களின் பொறுப்பு, செடிகள் அவர்களுக்குப் பிள்ளைகள். 'அனென்ட்' எனப்படும் பாடல்களை அவர்கள் செடிகளுக்காகப் பாடுகிறார்கள், பெரும்பாலும் வாய்விட்டல்ல, மனத்துக்குள். வேறு யாருக்கும் கேட்கக் கூடாது, அது தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள பேச்சு. தோட்டங்களுக்கெல்லாம் மூலத்தாயான நுங்குய் என்ற ஆவியின் தயவும் வேண்டும்.

கேட்க இனிமையாக இருக்கிறதல்லவா? மறுபாதி இது: சரியாகக் கவனிக்கப்படாத மரவள்ளி, பக்கத்தில் வரும் மனிதக் குழந்தையின் இரத்தத்தை உறிஞ்சும் என்று அஞ்சுகிறார்கள். பிள்ளையாக வளர்த்ததைப் பிடுங்கித் தின்றால், அதுவும் திருப்பிக் கேட்கும். ஆண்களின் காட்டில் உறவுமுறை வேறு, வேட்டை விலங்கு அவர்களுக்கு மைத்துனன். கொஞ்சலும் உண்டு, போட்டியும் உண்டு, முழு நம்பிக்கை கிடையாது.

தெஸ்கோலா 2005இல் ஒரு வரையறையும் கொடுத்தார். அனிமிசத்தில் உள்ளம் எல்லோருக்கும் ஒன்று, உடல்தான் வெவ்வேறு. நவீன அறிவியல் பார்வை அதை அப்படியே தலைகீழாக்குகிறது: உடல் எல்லாவற்றுக்கும் ஒரே அணுக்களால் ஆனது, உள்ளம் மனிதருக்கு மட்டும்.

அப்படியானால் விலங்கைக் கொன்று தின்பது எப்படி நியாயமாகும்?

இந்தக் கேள்வி அவர்களையும் உறுத்துகிறது. 1920களில் ஆர்க்டிக்கில் பயணம் செய்த கனுட் ராஸ்முசனிடம் இனுயிட் வேட்டைக்காரர் ஒருவர் சொன்னார்: மனிதரின் உணவு முழுவதும் ஆன்மாக்களாகவே இருக்கிறது, வாழ்வின் பேராபத்து அதுதான். உடும்புப் பிடியான வாக்கியம். சைவ உணவுக்காரர்கள் நிம்மதியடைய வேண்டாம், மரவள்ளியின் கதையை மேலே பார்த்தோம்.

ஆகவே கொல்லாமை இங்கே விடையாகவில்லை, முறையோடு கொல்லுதலே விடையானது. வட அமெரிக்காவின் வேட்டைச் சமூகங்கள் பலவற்றில், கொன்றதைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது, வீணாக்கக் கூடாது, எலும்பை நாய்க்குப் போடக் கூடாது. விலங்கு தன்னைத் தருகிறது, அவமதித்தால் அடுத்த முறை வராது. ஜப்பானின் வடக்கே ஐனு மக்கள் கரடிக் குட்டியை வீட்டிலேயே வளர்த்து, பின்பு விருந்தும் வணக்கமும் செய்து கொன்று, தெய்வ உலகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அச்சடங்கின் பெயர் இயோமாந்தே. நமக்கு இது கொடுமையாகப் படலாம், அவர்கள் அதை வழியனுப்புதல் என்றார்கள்.

அப்படியென்றால் அனிமிசத்தை நம்புகிறவர்கள் இயற்கைக் காவலர்கள்தானே?

சில சமயம் மட்டும். மரியாதை கொடுத்தால் விலங்கு எவ்வளவு வேண்டுமானாலும் திரும்பி வரும் என்று நம்புகிறவர், எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கவலைப்படாமலும் இருக்கலாம். இன்னொரு பக்கம், புனிதத் தோப்பு என்று தொடாமல் விட்டதாலேயே தப்பிய காடுகளும் உண்டு. நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் குற்ற உணர்வுக்கு மருந்தாகக் காட்டுவாசியை முனிவராக்கிவிடுகிறார்கள். அது டைலரின் படிக்கட்டையே தலைகீழாக வைத்துப் பார்ப்பது.

பொருளுக்கு உயிர் கொடுப்பது குழந்தைத்தனம் அல்லவா?

சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே, சிறு குழந்தைகள் சூரியனுக்கும் சைக்கிளுக்கும் உயிர் கற்பிக்கிறார்கள், வளர வளர அது விலகும் என்றார். பழங்குடிகள் வளராத குழந்தைகள் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் இதைச் சோதித்துப் பார்த்தார். பசிபிக்கின் மானுஸ் தீவில் பெரியவர்களின் வாழ்க்கை முழுக்க ஆவிகளோடு பின்னிக் கிடந்தது. குழந்தைகளிடம் இன்னும் கூடுதலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? 1932இல் அவர் வெளியிட்ட முடிவு நேரெதிர். படகு ஏன் அடித்துக்கொண்டு போனது என்று கேட்டால், படகின் கெட்ட எண்ணத்தைப் பற்றிக் குழந்தைகள் பேசவில்லை, சரியாகக் கட்டவில்லை என்றார்கள். ஆவிகளோடு பழகுவது பெரியவர்களாகும்போது கற்றுக்கொள்வது, விட்டொழிப்பதல்ல.

மனித மூளைக்கு ஒரு சாய்வு இருப்பதை மறுப்பதற்கில்லை. 1944இல் ஹைடர், சிம்மெல் என்ற உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் குறும்படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் துரத்தல், மிரட்டல், தப்பித்தல் என்று கதையே சொன்னார்கள். நானும் கிளம்பாத வண்டியைத் தட்டிக்கொடுத்து, 'இந்த ஒரு முறை கிளம்பிவிடு, தாயே' என்று கெஞ்சியவன்தான். ஆனால் அது அனிமிசம் ஆகாது. வண்டி கிளம்பியதும் அதை மறந்துவிட்டேன், அதற்கு நான் எந்தக் கடனும் படவில்லை.

அனிமிசம் ஒரு மதமா?

நிறுவனர் இல்லை, மறைநூல் இல்லை, சேர்வதற்கு உறுப்பினர் சீட்டும் இல்லை. தன்னை அனிமிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு பிறந்து வளர்ந்த சமூகம் எதுவும் கிடையாது. வெளியே இருந்து பார்த்தவர்கள் ஒட்டிய சீட்டு அது.

ஒட்டிய சீட்டுக்கும் விளைவு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'அனிமிஸ்ட்' என்று ஒரு வகையே இருந்தது. 1931இல் அது 'பழங்குடி மதம்' ஆயிற்று. விடுதலைக்குப் பின் தனி வகையே போய் 'பிற மதங்கள்' என்பதற்குள் கரைந்தது. அதனால்தான் சால் மரத் தோப்பை வழிபடும் சர்னா சமயத்தவர் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி நிரப்புகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அப்படி எழுதியவர்கள் ஏறக்குறைய 49 லட்சம் பேர். சர்னாவுக்குத் தனி வகை வேண்டும் என்று ஜார்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. எனக்குத் தெரிந்து, மதம் எது என்பதைத் தத்துவவாதிகளைவிடப் படிவம் அச்சடிப்பவர்களே அதிகம் தீர்மானித்திருக்கிறார்கள்.

பெரிய மதங்களோடு சேர்ந்து இருக்க முடியுமா?

தாராளமாக. மியான்மரின் பௌத்தர்கள் 'நாட்' எனப்படும் 37 ஆவிகளுக்கும் படைக்கிறார்கள். தாய்லாந்தில் புதுக் கட்டடம் எழும்பினால், அந்த நிலத்தின் ஆவிக்கும் வாசலில் ஒரு குட்டி வீடு எழும்பும். ஜப்பானில் ஊசிக்கு நன்றி சொல்லும் நாள் இருக்கிறது, சில ஊர்களில் பிப்ரவரி 8, சில ஊர்களில் டிசம்பர் 8. ஆண்டு முழுவதும் கெட்டித் துணியில் குத்திக் குத்தி முறிந்த ஊசிகளைக் கோயிலுக்கு எடுத்துவந்து, மெத்தென்ற டோஃபு என்ற சோயாக் கட்டியில் செருகுகிறார்கள். உழைத்தது போதும், இனி மென்மையான இடத்தில் இளைப்பாறு என்று. அதைச் செய்பவர்களிடம் 'ஊசிக்கு ஆன்மா உண்டா?' என்று கேட்டால் சிலர் சிரிக்கக்கூடும். கேள்விதான் பொருத்தமில்லை.

ஷாமனிசம், டோட்டமிசம், பல தெய்வ வழிபாடு எல்லாம் இதுதானா?

உறவினர்கள், ஒருவரே அல்லர். ஆவிகளோடு பேசத் தேர்ந்த ஆள் ஷாமன், சைபீரியாவின் எவெங்கி மக்களிடமிருந்து வந்த சொல். ஒரு குலம் தன்னை ஒரு விலங்கோடோ செடியோடோ இணைத்துக்கொள்வது டோட்டமிசம், ஒஜிப்வே மொழி தந்த சொல். பல தெய்வ வழிபாட்டில் தெய்வம் மேலே இருக்கும். அனிமிசத்தில் அது பக்கத்து வீட்டில் இருக்கும்.

மனிதகுலத்தின் முதல் மதம் இதுதானா?

வேட்டையாடி உணவு தேடி வாழும் 33 சமூகங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சமயக் கூறுகளில் அனிமிசமே மிகப் பழையது, மறுவாழ்வு நம்பிக்கையும் முன்னோர் வழிபாடும் பிறகு வந்தவை என்பது அதன் கணிப்பு. மொழிக்குடும்பங்களையும் மரபணு உறவுகளையும் வைத்துப் போட்ட கணக்கு இது. தொல்லியல் இதை நேரடியாகக் காட்டாது, நம்பிக்கை எலும்பில் படிவதில்லை. இன்னொன்று: இன்றைய ஒஜிப்வேகாரரும் அச்சுவார்காரரும் நம் காலத்தவர்களே, கற்காலத்தின் மிச்சம் அல்லர்.

ஆற்றைச் சட்டம் 'நபர்' என்று ஏற்பதும் அனிமிசமா?

நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகிறார்கள். 'நானே ஆறு, ஆறே நான்' என்பது அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் பழைய வாக்கு, ஆறு அவர்களுக்கு மூதாதை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அதற்காகப் போராடியவர்கள் அவர்கள். ஆனால் சட்டம் கொடுத்தது மூதாதைக்கான இடத்தை அல்ல, நபருக்கான இடத்தை. கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் நபர்தான்.

ஒடிசாவின் நியமகிரி இன்னும் கூர்மையான வழக்கு. அங்கே டோங்கிரியா கோந்த் மக்களுக்கு மலையே நியம ராஜாவின் இருப்பிடம். மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டத் திட்டம் வந்தபோது, அவர்களின் சமய உரிமையைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் கூறியது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன.

உண்மையாகவே நம்புகிறார்களா, பாவனையா?

சைபீரியாவின் யுகாகிர் வேட்டைக்காரர்களோடு சென்ற டென்மார்க்கின் மானிடவியலாளர் ரானே வில்லர்ஸ்லெவ் இதை நேரில் பார்த்தார். கரடியைக் கொன்றதும் பழியை வேறு யார் மேலாவது போட வேண்டும் என்பது முறை. காக்கையைப்போல் கரைந்துகொண்டே கண்களை எடுப்பார்கள், குருடாக்கியது பறவை என்று கரடி நினைத்துக்கொள்ளட்டும் என்று. அப்படி ஒரு முதியவர் பயபக்தியோடு செய்துகொண்டிருந்தபோது இளைஞன் ஒருவன், "தாத்தா, ஏமாந்துவிடாதே, உன்னைக் கொன்றது இந்த ஆள்தான்" என்று கரடியிடம் முதியவரின் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆவிகளை இப்படிக் கேலி செய்யலாமா என்று வில்லர்ஸ்லெவ் கேட்டார். சும்மா விளையாட்டுக்குத்தான், சிரிப்பு இல்லாவிட்டால் வேட்டையே வாய்க்காது என்று பதில் வந்தது.